பேய்க்குப் பயந்த பட்டாளத்தான்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! டிரைவர் காதிலும் விழட்டும், கண்டக்டர் காதிலும் விழட்டும், பின்சீட்டில் கோழிக்கூடையை மடியில் வைத்திருக்கிற அந்த அம்மா காதிலும் விழட்டும். நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இந்த பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் என் நாக்கு அழுகி விழட்டும். இதே சத்தியத்தை எத்தனையோ பஸ்ஸில் எத்தனையோ பேரிடம் செய்திருக்கிறேன் தம்பி. நாக்கு அப்படியே இருக்கிறது, பாருங்கள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

உங்கள் மடியில் இருக்கிற புத்தகத்தைக் கொஞ்சம் கவிழ்த்து வைக்கிறீர்களா? படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அட்டை ராஜபாளையத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வருகிறது. சாத்திய கதவு. யுத்தத்தைப் பற்றிய புத்தகம் என்றால் அட்டையில் ஒரு பீரங்கி போட வேண்டாமா? ஒரு விமானம் போட வேண்டாமா? மரக்கடை விளம்பரம் மாதிரி ஒரு கதவைப் போட்டிருக்கிறார்கள்.

எழுதியவரை எனக்குத் தெரியும். தெரியும் என்ன தெரியும், குற்றாலிங்கம் என் மாப்பிள்ளை. என் கூடப்பிறந்த தங்கச்சி உலகம்மாளின் புருஷன். எழுபத்தொன்றில் கிழக்கே நடந்த சண்டையில் இருந்தவர். கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார். படித்தவர்கள் எல்லோரும் நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை என்கிறார்கள். உங்கள் முகமும் அப்படித்தான் இருக்கிறது. நான் சொல்கிறேன், அதில் பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. பயம் என்றால் என்ன என்று என்னிடம் கேளுங்கள். பயத்தை விற்றுப் பிழைத்தவன் நான்.

எங்கள் ஊரில் வெயிலுகந்தாள் டாக்கீஸ் என்று ஒரு கொட்டகை இருந்தது. அதற்கு விளம்பரம் செய்வது என் வேலை. மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் போஸ்டரைக் கட்டி, நடுவில் மைக்கோடு நான். பேய்ப்படம் வந்தால் எனக்குத் தீபாவளி. முகத்தில் அரிசி மாவு, கண்ணைச் சுற்றிக் கரி, தலையோடு ஒரு வெள்ளை வேட்டி. “இதய பலவீனம் உள்ளவர்களே, கர்ப்பிணித் தாய்மார்களே, தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள்!” என்பேன். நெஞ்சுவலிக்காரனும் பிள்ளைத்தாய்ச்சியும்தான் முதல் ஆட்டத்துக்கு முதலில் வந்து நிற்பார்கள். ஒருநாள் வண்டிமாடு திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டது. ஓட ஆரம்பித்த மாடு மூன்று ஊர் தாண்டித்தான் நின்றது. அந்த மூன்று ஊரிலிருந்தும் ஜனம் படத்துக்கு வந்தது. அந்த மாட்டுக்கு முதலாளி தனியாகப் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டார். எனக்கு ஒன்றும் போடவில்லை.

நானே தனியாக உட்கார்ந்து பேய்ப்படம் பார்த்திருக்கிறேன். திரையிலிருந்து அந்த வெள்ளைச்சேலைக்காரி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கண்ணைக் கொட்டாமல் பார்த்தேன். கடைசியில் அவள்தான் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆபரேட்டர் சாட்சி. அவன் செத்துப்போனான், இல்லையென்றால் கூட்டிவந்து சொல்லச் சொல்வேன்.

இந்தத் தனியாகப் பார்க்கிற சமாச்சாரத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தக் காலத்தில் பேய்ப்படத்துக்கு அப்படி ஒரு போட்டி உண்டு. கொட்டகைக்குள் ஒரே ஓர் ஆளை விட்டு, எல்லாக் கதவையும் வெளியே தாழ் போட்டுவிடுவோம். படம் முடிகிறவரை கத்தாமல், கதவைத் திறக்கச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் பரிசு. வாசலில் ஓர் ஆஸ்பத்திரி வண்டி நிற்கும். கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு ஒரு டாக்டர் நிற்பார். டாக்டர் என்ன டாக்டர், எங்கள் சோடாக்கடைக்காரன்தான். நல்ல சிவப்பாக இருப்பான்.

அந்த வருஷம் பரிசு, தையல் மிஷின். பக்கத்து டவுனில் ஒரு கடையில் இரவல் வாங்கிக் கொண்டுவந்து, மாலை போட்டு, டிக்கெட் கொடுக்கிற இடத்தில் நிறுத்தியிருந்தோம். மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம், கல்யாணம் முடிந்து சில மாசம். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்தார். அவள் மாலையை ஒதுக்கிவிட்டு மிஷின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணே, சத்தமே வரல பாருங்க. பூனை நடக்குத மாதிரி இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை அந்தச் சக்கரத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விடுவேனா? அவரிடம் கேட்காமலே வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்துவிட்டேன். “இதோ! எதிரி குண்டுக்கு நடுவில் நின்ற நம்ம ஊர் மாப்பிள்ளை! பேயா, பட்டாளமா? இன்று பகல் காட்சியில் பாருங்கள்!” பகல்தான் தம்பி. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரே கொட்டகை வாசலில் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மச்சான், கதவைச் சாத்தாமப் பார்க்கலாமா?”

“அதுதான மாப்ளே போட்டியே! பட்டாளத்துல துப்பாக்கி பிடிச்ச ஆளு, கதவுக்கா பயப்படுதீங்க?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. உள்ளே போனார். நானே தாழைப் போட்டேன்.

இப்போது நான் சொல்வதை என் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் போய்விட்டாள். எங்கள் முதலாளி பலவேசம் என் காதைக் கடித்தார். “ஏலே தாண்டவராயா, மிஷினு கடைக்காரனுக்குத் திரும்பிப் போவணும். ஞாபகம் இருக்கட்டும்.” இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருக்கிறவன் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் நான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், பெண்கள் பக்கத்துக் கதவைத் தட்ட வேண்டும். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். ஆனால் என்னை மாதிரித் தட்ட எவனும் இல்லை. சும்மா மடமடவென்று தட்டினால் அது கடன்காரன். இரண்டு தட்டு. ஒரு மூச்சு நிறுத்தம். அப்புறம் உள்ளங்கையால் மூன்று. உள்ளே அடைபட்ட ஒன்று வெளியே வரத் துடிக்கிற மாதிரி இருக்கும். கல்லுக்குள் இருக்கிற தேரைகூட வெளியே வந்துவிடும்.

மாப்பிள்ளை பாதிப் படம் அசையாமல் பார்த்துவிட்டார். ஆபரேட்டர் ஓட்டை வழியாகப் பார்த்துச் சொன்னான், வெள்ளைச்சேலைக்காரி வந்தபோது கொட்டாவி விட்டாராம். நான் பின்பக்கம் போனேன். தட்டினேன்.

நன்றாகக் கேளுங்கள். பேய்க்குப் பயந்தவன் தட்டுகிற கதவை விட்டு ஓட வேண்டுமா, கதவைப் பார்த்து ஓடி வர வேண்டுமா? இவர் கதவைப் பார்த்து ஓடி வந்தார். நாற்காலி எல்லாம் விழுகிற சத்தம். வந்து கதவைப் பிராண்டுகிறார். “இருங்க, இருங்க, தொறந்துருதேன்! இந்தா தொறந்துருதேன்!” என்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே தாழ் போட்டிருக்கிற கதவை உள்ளேயிருந்து எனக்குத் திறந்துவிடுகிறாராம்! வாங்கின காசுக்கு வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு தடவை தட்டிவிட்டு நிறுத்தினேன். நிறுத்தின பிறகுதான் தம்பி அலறினார். தட்டும்போது அலறவில்லை. தட்டு நின்ற பிறகு அலறுகிறார். இப்படி ஒரு ஆளை எங்கேயாவது கண்டதுண்டா?

முன்பக்கம் ஓடிவந்து தாழை நான்தான் திறந்தேன். வெளியே வந்தார். நகமெல்லாம் ரத்தம். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சோடாக்கடைக்காரன் குழாயை அவர் முதுகில் வைத்துப் பார்த்தான், அதற்கு இன்னும் சிரிப்பு. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையைக் கிழித்து அவர் விரலில் சுற்றினாள். மறுநாள் மிஷின் கடைக்குத் திரும்பிப் போனது.

அன்றைக்கு அவருக்கு ஒரு பெயர் வந்தது. பேய்க்குப் பயந்த பட்டாளத்தான். நான்தான் வைத்தேன். கல்யாண வீடு, கோயில் கொடை, டீக்கடை, எங்கே போனாலும் என்னை அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். நான் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. முதலில் வேட்டி நழுவியது என்றேன், பிறகு வேட்டியே இல்லை என்றேன். பிறகு பேயே அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டு “இந்த ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னதாகச் சொன்னேன். அதற்குத்தான் பெரிய சிரிப்பு. அவர் எதிரிலேயே சொல்வேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகும் அந்தப் பெயர்தான். அவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இதற்குப் போய் யாராவது கோபித்துக்கொள்வார்களா? ஒரு ஊருக்குச் சிரிக்க ஒன்று வேண்டாமா?

அப்புறம் வயதான காலத்தில் மனுஷன் புத்தகம் எழுதிவிட்டார். அவர்கள் ஊர் நூலகத்தில் வெளியீட்டு விழா. எனக்கும் அழைப்பு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தேன். யார் யாரோ பேசினார்கள். மைக் கரகரவென்று அழுதுகொண்டிருந்தது, ஒருவனுக்கும் அதைப் பிடிக்கத் தெரியவில்லை. மைக்கைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? கூப்பிடாமலே ஏறிவிட்டேன். “ஐயா புத்தகத்துல பெரிய பெரிய சண்டையெல்லாம் எழுதியிருக்காரு. ஆனா அவரு தோத்த சண்டை ஒண்ணு இருக்கு. அதை நான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொன்னேன். வேட்டி, பேய், எல்லாம்.

சின்னவர்கள் சிரித்தார்கள். புத்தகத்தை முன்னாலேயே படித்துவிட்டு வந்த சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகைச்சுவை உணர்வு இல்லாத ஜனம். மாப்பிள்ளை எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“தண்ணி குடிங்க மச்சான்.”

உலகம்மாள் எழுந்து வெளியே போனாள். போகிறபோது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“அண்ணே, நீங்க இன்னும் அதைப் படிக்கலையா?”

இதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மாப்பிள்ளைதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். கையெழுத்துப் போட்டு ஒரு புத்தகத்தை என் பையில் வைத்தார். பஸ் நகர்கிறபோது ஜன்னல் பக்கம் வந்து, “உங்களைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதல மச்சான். பயப்படாதீங்க” என்றார். என்னைப் பார்த்து! பயத்தை விற்றுப் பிழைத்தவனைப் பார்த்து!

வீட்டுக்கு வந்து படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு படித்தேன். உங்களுக்கு அது பெரிய புத்தகமாக இருக்கலாம். எனக்கு எழுத்து பிடிக்கவில்லை. ஓர் ஊருக்குள் நுழைகிறார்கள், ஜனமெல்லாம் ஓடிவிட்டது, ஒரு வீட்டில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டே இருக்கிறது. இவர் பசியோடு நிற்கிறார், சாப்பிடவில்லை. பானையை இறக்கிவைத்து, மூடியைத் தேடி எடுத்து மூடிவிட்டு வருகிறார். திரும்பி வந்தால் அவர்களுக்கு வேண்டும் என்று. யுத்தப் புத்தகத்தில் பானை மூடி எதற்கு? பேய்ப்படம் எடுக்கிறவன் இப்படி எடுத்தால் ஜனம் திரையைக் கிழிக்கும். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று நானும் சாப்பிடவில்லை. அது வேறு, வயிறு சரியில்லை.

இன்னொரு பக்கம் இருக்கிறது. நீங்கள் அதற்கு வந்துவிட்டீர்களா? நெல் குடோன். ஊர் ஜனம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. எந்தப் பக்கத்துக் குண்டோ, வந்து விழுந்து, மேலே இருந்த உத்தரமும் சுவரும் சரிந்து வெளியே கதவை அடைத்துக்கொள்கிறது. உள்ளே நெருப்பு. உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறார்கள். வெளியே நாலு சிப்பாய்கள், கையால்தான் கல்லைப் பிடுங்குகிறார்கள். இவர், “இருங்க, இருங்க, தொறந்துருதேன்” என்று தமிழில் கத்துகிறார். அந்த ஜனத்துக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட அப்போது அவருக்கு உறைக்கவில்லையாம். அப்புறம் தட்டுவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார். நின்றுவிட்டது என்று எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தின் மீதியை வெறுமையாக விட்டிருக்கிறார். காகிதத்துக்குக் கேடு.

இதில் என் குறை என்ன தெரியுமா? கொட்டகையிலும் அதே சொல், குடோனிலும் அதே சொல். எழுத்தாளன் என்றால் இரண்டு இடத்துக்கும் வேறு வேறு சொல் போட வேண்டாமா? சரக்குத் தீர்ந்துபோன ஆள் என்று அதிலேயே தெரிகிறது.

கடைசியில் எங்கள் கொட்டகையும் வருகிறது. நாலே வரி. எனக்கு மனப்பாடம். ‘பின்னால் ஒருநாள் மாமனார் ஊர்க் கொட்டகையில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் திறக்க ஓடினேன். இந்தத் தடவை கதவு திறந்தது. வெளியே எல்லோரும் உயிரோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.’

யாரோ! யாரோவாம்! என் தட்டு அவருக்குத் தெரியாதா? அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் அப்படித்தான் தட்டுவேன். இரண்டு, ஒரு மூச்சு, அப்புறம் மூன்று. பிள்ளைகள் உள்ளேயிருந்தே “தாய்மாமா வந்தாச்சு” என்று கத்தும். அவர்தான் ஓடிவந்து திறப்பார். எத்தனை வருஷம் திறந்திருக்கிறார்! தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டே யாரோ என்று எழுதியிருக்கிறார். அவர்கள் முகாமில் சுற்றிக்கொண்டிருந்த நாய்க்குக்கூடப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. எனக்கு இல்லை. இதைவிட ஒரு மனுஷனை அவமானப்படுத்த முடியுமா? கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. வெயில் காலம். வீட்டில் கதவுகளுக்குத் தாழ் போடுவதில்லை. அது துருப்பிடித்துக் கையைக் கிழிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். குளிக்கிற அறைத் தாழைக்கூட. ஒண்டிக்கட்டைக்குத் தாழ் எதற்கு?

சாவுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? தெருமுனை வரைக்கும் போனேன். கூட்டம் அதிகம், அங்கேயே நின்றுகொண்டேன். இன்றைக்குப் பதினாறு. இதோ இந்த மஞ்சள் பையில் இருப்பது கோடிச் சேலை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் விழ வேண்டும். எங்களில் அதைப் பதினாறாம் நாள் போடுவோம். பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது நான் ஒருத்தன்தான். நான் போடாமல் மற்றவர்கள் போட முடியாது. நான் போட்டு, அவள் அதைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டால், அத்தோடு எனக்குத் தங்கச்சி கிடையாது. அத்தனை சனத்துக்கு நடுவில் அறுந்துபோகும். அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல் அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாய். ஊரைச் சிரிக்கவைத்தேன் என்பதற்காகத்தான் பேசாமல் இருக்கிறாள், அது எனக்குத் தெரியும். அது சின்ன விஷயம், காலில் விழுந்தால்கூடத் தீர்ந்துவிடும். தட்டியது யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மாப்பிள்ளை சொல்லியிருக்க மாட்டார். புத்தகத்திலேயே சொல்லாதவர் வீட்டிலா சொல்லியிருக்கப் போகிறார்?

நல்ல சேலை. மிஷினில் ஓரம் அடித்துத்தான் வாங்கியிருக்கிறேன்.

“மேலக்கரை விலக்கு எறங்குறவங்க முன்னால வாங்க!”

இதோ வந்துவிட்டது. பார்த்து... என்ன தம்பி, நீங்களும் எழுந்துவிட்டீர்கள்? நீங்களும் மேலக்கரையா? பதினாறுக்கா? நூலகத்துக்குப் புதிதாக வந்தவரா! அடப்பாவி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? நான் பாட்டுக்கு வாய் வலிக்கப் பேசிக்கொண்டு வருகிறேன்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. கண்டக்டர், கொஞ்சம் பொறுங்கள், வயசான ஆள் இறங்குகிறேன். தம்பி, பையை ஒரு பக்கம் பிடியுங்கள். இங்கே பாருங்கள், நான் சொன்னது அத்தனையும் பொய். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தாண்டவராயன் வாயைத் திறந்தால் பொய் என்று. கதவை யாரோ தட்டினார்கள், அவ்வளவுதான். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். யார் சொன்னார்கள் என்று யாரிடமும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சாவு விழுந்த துட்டி வீட்டில் கதவைச் சாத்த மாட்டார்கள். ஆனால் நான் வருகிறேன் என்று தெரிந்தால் அவள் சாத்தினாலும் சாத்துவாள். சாத்தியிருந்தால் நீங்கள் முன்னால் போய் ஒரு குரல் கொடுங்கள். நான் தட்ட மாட்டேன்.